ஐந்தாவது பாட்டுக்கு வார்த்தை இல்லை

லிங்கராஜபுரம், பெங்களூரு
செவ்வாய்க்கிழமை, மத்தியானம்

டப்ளின் மாநகரில் மூன்று கம்பளி போர்த்திக்கொண்டு கம்ப்யூட்டர் சாம்ராஜ்யத்தைக் காத்துவரும் என் அக்கா மகள் லீனாவுக்கு, லிங்கராஜபுரம் மேம்பாலத்தின் இரு கரையையும் அடக்கி ஆளும் தாய்மாமன் கில்பர்ட் ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

நாங்கள் சுகம். என் முழங்கால் மட்டும் தனி நாடு கேட்டுப் போராடுகிறது. நேற்றைய மழையில் நம் தெருப் பள்ளத்தில் ஒரு ஆட்டோ மூழ்கியது. இன்று காலை அது மங்களூர் துறைமுகத்தில் கரையேறியதாகக் கேள்வி. டோரதி அத்தை உனக்காகப் போட்டிருக்கும் ஊறுகாயின் காரத்தில் ஜாடியே வியர்க்கிறது.

பார், சிரிக்கிறாய். நான் வாய்ஸ் மெசேஜ் போட்டாலும் கண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மையை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் கையால் எழுதுகிறேன். மாடி வீட்டு ரமா படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். போனில் பேசவும் வழியில்லை, நான் உட்கார்ந்திருப்பது உன் வீட்டு ஹாலில். உன் புருஷன் லாயிட் அடுத்த அறையில் எழுதிக்கொண்டிருக்கிறான். இனி வருவதில் நான் ஒரு சிட்டிகைகூடக் கூட்டிச் சொல்லவில்லை, கண்ணு.

காலேஜ் நாளில் அவன் கூட்டாளிகளோடு போட்ட ராக் ஆல்பம் இருக்கிறதே, 'ஓசை ஒழிந்த வீடு', அதைத்தான் நாவலாக்குகிறான் என்று உனக்குத் தெரியும். புரோகிரசிவ் ராக் என்றால் என்னவென்று நான் அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பாட்டு ஆரம்பிக்கும்போது ஹென்னூர் சிக்னலில் மாட்டி, வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்தால் அப்போதுதான் முதல் சரணம் வரும். நீ காதல் மயக்கத்தில் கேட்டிருப்பாய், கதையைக் கவனித்திருக்க மாட்டாய். நானும் இப்போதுதான் கவனித்தேன்.

ஐந்து பாட்டும் சேர்ந்து ஒரே கதை. ஊர் இரைச்சல் தாங்காத ஒருவன் தன் வீட்டிலிருந்து சத்தங்களை ஒவ்வொன்றாக வெளியேற்றுகிறான். முதல் பாட்டில் வாசல் மணி. இரண்டாவதில் சமையலறை. மூன்றாவதில் வாத்தியம். நாலாவதில் மனைவியின் குரல்.

உன் வீட்டு காலிங் பெல்லைக் கழற்றி ரொம்ப நாளாகிறது. ரிப்பேர் என்று நினைத்தேன். அப்புறம் குக்கரும் மிக்ஸியும் ரமா வீட்டுக்குப் போயின. "அங்கிள், உங்க மாப்பிள்ள சாப்புடுறாரா இல்லயா? கீழ பாத்திரம் உருட்டுற சத்தமே வர்லயே" என்று அவள்தான் என்னிடம் கேட்டாள். ரொட்டியும் பழமும் தின்கிறான். அவன் பேன்ட் இடுப்பில் நிற்பதே ஆண்டவர் செய்யும் அற்புதம்.

மூன்றாவது என் கையாலேயே நடந்தது. நம் சர்ச் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் மைக் பிடிப்பது யார் என்று உனக்குத் தெரியும். காணிக்கையாக வந்த பூசணிக்காய், வாழைத்தார், நாட்டுக்கோழி என்று விற்றுக்கொண்டிருந்தேன். லாயிட் தன் பேஸ் கிடாரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். தாவீது ராஜாவே தொட்டு வாசித்த கிடார் என்று நான் அளந்துவிட, சபையே விழுந்து விழுந்து சிரித்தது. பேக்கரி பிரகாஷ் ஏலத்தில் எடுத்துச் சுவரில் மாட்டிக்கொண்டான். தனக்குப் பிரியமானதைக் காணிக்கையாகக் கொடுத்த வாலிபன் என்று நம் பாதிரி ஐயர் ஜெபத்தில் பாராட்டினார். நாங்கள் எல்லோரும் உரக்க ஆமென் சொன்னோம்.

மறுவாரம் மனம் கேட்காமல், பிரகாஷிடம் பேசி மீட்டுத் தருகிறேன் என்றேன். "காணிக்க வெச்சத யாராவது திருப்பி வாங்குவாங்களா மாமா?" என்றான்.

நாலாவதை நான் சொல்ல வேண்டியதில்லை. கூப்பிட்டால் எடுக்கமாட்டேன் என்கிறான், மெசேஜ் மட்டும்தான் என்று நீயே சொன்னாய். "ரைட்டர்னா அப்படித்தான் மாமா" என்று சிரித்தாய்.

ஐந்தாவதில் வார்த்தையே கிடையாது, டிரம்ஸ் மட்டும். அது என்னடா என்று டிரம்ஸ் வாசித்த கவினைப் போய்க் கேட்டேன். "அடியில கேக்குறது லாயிட் நெஞ்சு அடிக்கிற சத்தம் அங்கிள். வீட்ல கடைசியா மிஞ்சுற சத்தம் அதானே. மைக்க நெஞ்சுல வெச்சு ரெக்கார்ட் பண்ணோம். அது மேல நான் வாசிச்சேன். பாதியில கட் பண்ணச் சொன்னான், பண்ணிட்டோம்" என்றான். சொல்லிவிட்டு அவனும் என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். கையில் இருந்த காபியை இருவரும் குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் லாயிட் என்னிடம் வந்து, நாலு அத்தியாயம் முடிந்தது, ஒன்றுதான் பாக்கி என்றான். பரீட்சை முடிந்த பிள்ளை மாதிரி முகம் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவுதான் எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டரைப் பார்க்கலாம் வா என்றேன். "நாவல் எழுதுறது வியாதியா மாமா?" என்று சிரித்தான். இதையெல்லாம் நிஜத்தில் செய்துதான் எழுத வேண்டுமா என்று கேட்டேன். "சத்தம் போனா எப்படி இருக்கும்னு தெரியாம, எப்படி மாமா எழுதுறது?" என்றான். அப்படியானால் கடைசி அத்தியாயத்தை எப்படி எழுதுவாய் என்றேன். என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனான்.

அன்று மாலையே, உன் அத்தையோடு சண்டை என்று புளுகிவிட்டுப் பெட்டியோடு இங்கே வந்துவிட்டேன். லிங்கராஜபுரமே அதிரும்படி தும்முகிறேன். காபியை, ஏரியையே உறிஞ்சுகிற மாதிரி உறிஞ்சுகிறேன். கீர்த்தனை பாடுகிறேன், தெருநாய்கள் ஹெப்பாளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. லாயிட் கோபப்படுவதே இல்லை. இன்று காலை தோசை வாங்கிவந்து கொடுத்துவிட்டு, "அத்த பாவம் மாமா, நாளைக்கு வீட்டுக்குப் போயிடுங்க" என்று மரியாதையாகச் சொன்னான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, எழுந்து நிற்கவே முடியவில்லை என்று இன்னொரு பொய் சொல்லியிருக்கிறேன்.

அவன் அண்ணனுக்கும் சொல்லிவிட்டேன், கோயம்புத்தூரிலிருந்து கிளம்புகிறான். தனக்குத் தெரிந்த மனநல டாக்டரை வீட்டுக்கே அழைத்துவருவதாகக் கவின் சொல்லியிருக்கிறான். ஆனால் லாயிட் மனக் கதவைத் திறப்பது உனக்குத்தான், லீனா.

லீவு கேட்டுக்கொண்டு நிற்காதே, போன் பண்ணிப் பார்க்கிறேன் என்றும் சொல்லாதே. முதலில் கிடைக்கிற விமானத்தில் ஏறு. வந்து அவனோடு சண்டை போடு, கத்து, அழு, எதையாவது போட்டு உடை.

விழித்திருக்கும்வரை என் வாய் ஓயாது, அதற்கு நான் பொறுப்பு. ஆனால் எனக்கு வயதாகிவிட்டது கண்ணு, உட்கார்ந்த இடத்திலேயே கண் சொக்குகிறது. கர்த்தர் உன் பிரயாணத்தைக் காத்து, நான் தூங்கிப்போவதற்குள் உன்னை இந்த வாசலில் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உன் மாமா,
கில்பர்ட்