எகிப்து ராஜாவுக்கு நான் குளித்தது

அன்னூர்

அன்புள்ள கிருபாசங்கருக்கு,

அப்பா எழுதுவது. என் உடம்புக்குக் குறையொன்றும் இல்லை, நீயும் அந்தக் குளிர் தேசத்தில் நன்றாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் எதற்கும் சரிங்கப்பா என்று முடித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். எகிப்திலிருந்து திரும்பி எட்டு நாளாகிறது, ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை, கேட்டுக்கும் கிணற்றுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். உன் தங்கை கீதா, ஏனுங்கப்பா, பாலைவனத்துல எதையாச்சும் தொலைச்சுப்போட்டு இங்க தேடறீங்களா என்று கேலி பேசுகிறாள். தென்னைக்கு மறுபடி வெள்ளை ஈ வந்துவிட்டது, அதையும் பார்க்கத் தோன்றவில்லை.

அம்மா போன துக்கத்தில் இருக்கிறேன், ஊர் சுற்றினால் மனது மாறும் என்று டிக்கெட் அனுப்பினாய். நான் வரச் சொன்னது உன்னை. ஆனாலும் போனேன். அன்னூர் நூலகத்தில் மூன்று புத்தகம் படித்துவிட்டுத்தான் போனேன், வழிகாட்டிப் பெண் நவ்யா சொன்னதில் இரண்டு தப்பு, பஸ்ஸிலேயே எழுந்து சொன்னேன். ஆற்றோரம் வெங்காயமும் கோதுமையும் அப்படி ஒரு பச்சை, நாலு எட்டு தள்ளினால் வெறும் மணல். பிரமிடில் ஒவ்வொரு கல்லும் என் நெஞ்சுயரம். அதெல்லாம் சரி. கெய்ரோவில் ராஜாக்களின் உடம்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். ஒருவருக்குத் தலையில் செம்பட்டை முடி, விரலில் நகம்கூட அப்படியே இருக்கிறது. எட்டிப் பார்த்துவிட்டு எல்லோரும் நேராகச் சாப்பிடக் கிளம்பினார்கள். குளிக்காமல் பஸ் ஏறமாட்டேன் என்று நான் நின்றுவிட்டேன். கேதத்துக்குப் போய்வந்து குளிக்காமல் வாசல் ஏறுகிற குடும்பமா நாம்? புவனா என்று கோயமுத்தூர் அம்மாள் ஒருத்தி, மூவாயிரம் வருசத்துப் பொணத்துக்கு என்னங்க தீட்டு, பசிக்குதுங்க என்றாள். பொணத்துக்கு வயசு ஏதுங்க அம்மணி என்றேன். மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரி முகமது யூசுப்தான், அவுரு குளிச்சுட்டு வரட்டுங்க, சோறு எங்கீங்க ஓடிப்போவுது என்று சொல்லி, புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஆளிடம் ஜாடை காட்டிக் குழாயை வாங்கி அவரே பிடித்தார். வேட்டியோடு உட்கார்ந்து தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.

அந்தத் தண்ணீருக்கடியில்தான் அது தைத்தது. மயானத்தில் கீதா போனைப் பிடித்தாள், நீ வீடியோவில் அம்மா முகத்தைப் பார்த்தாய். போனை வைத்தபிறகு என்ன செய்தாய்? கீதாவிடம் கேட்டேன். அண்ணனுக்கு அன்னைக்கு ஷிப்டுங்கப்பா, நேரா போயிட்டாங்க என்கிறாள். யாரோ ஒரு ராஜாவுக்கு நான் குளித்தேன். பெற்றவளுக்கு நீ குளித்தாயா? லீவு கிடைக்கவில்லை என்ற கதையை நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீயும் மருமகளும் குழந்தை மிதுனும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அந்த ஆசிக்கு என் கோபம் குறுக்கே வராது. ஆடியில் வருசத் திதி, உன் கையால்தான் நடக்க வேண்டும், இன்னொருவரை உட்காரவைக்க மாட்டேன். அன்றைக்குக் குளித்திருந்தால் குளித்தேன் என்று ஒரு வரி எழுது. இல்லையென்றால் இதைப் படித்ததும் தலைக்கு ஊற்றிக்கொள். வெந்நீரே போதும், உங்கம்மா ஒன்றும் நினைக்கமாட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
அப்புசாமி