கோட்டைத் தாண்டிய கார் நிற்பதற்கு இடம் கேட்டு

அனுப்புநர்:
பிரேக் பிரிவு மெக்கானிக்,
பஸ் டிப்போ குடியிருப்பு, இரண்டாம் மாடி.

பெறுநர்:
அனுமதி அலுவலர் அவர்கள்,
விளையாட்டுப் போட்டிகள் பிரிவு.

பொருள்: டிராக் ரேஸ் எனப்படும் நேர்கோட்டு கார் பந்தயத்தில், சாதா கார் பிரிவினர் மீது ஏற்றப்படும் செலவும் அவர்களுக்குக் கிடைக்காத பாதுகாப்பும் குறித்து.

பார்வை: இதே பொருளில் நான் அளித்த இரண்டு மனுக்கள். ஒன்றுக்குப் பதில் இல்லை. மற்றது, நான் யார் மீது புகார் சொன்னேனோ அந்தப் பந்தயக் குழுச் செயலாளருக்கே தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். இது மூன்றாவது மனு. தாங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும். என் பொறுமை முதல் இரண்டிலேயே தீர்ந்துவிட்டது.

1. பதினாறு ஆண்டுகளாக பஸ்களுக்கு பிரேக் பார்க்கிறேன். என் கணவரின் தம்பி குழாய் வேலை செய்பவர். இருவரும் சேர்ந்து வாங்கிய பழைய காரை, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் பந்தயத்தில் மாறிமாறி ஓட்டுகிறோம். நானூறு மீட்டர் நேராக ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். வேலைக்குப் போகும் காரிலேயே வந்து ஓட்டிவிட்டு, அதிலேயே வீடு திரும்பலாம் என்பதற்காகத் தொடங்கிய பிரிவு இது.

2. சென்ற மாதப் பரிசோதனையில், எங்கள் பாதுகாப்பு பெல்ட்டின் காலம் முடிந்து பதினோரு நாளாகிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். புது பெல்ட் அங்கேயே ஒரு கடையில் கிடைத்தது. அந்தக் கடை, பந்தயக் குழுச் செயலாளரின் மைத்துனருடையது. விலை வெளியே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. வாங்கினோம். பெல்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்று நடந்த விபத்தில் என் கொழுந்தன் உயிரோடு வெளியே வந்ததே அதனால்தான். பதினோரு நாளைக் கண்டுபிடித்த கண்ணுக்கு, ஓடுதளத்தில் முந்நூறு மீட்டருக்கு மேல் காணாமல் போனது தெரியவில்லை என்பதுதான் புகார்.

3. எல்லைக் கோட்டைத் தாண்டிய கார் வேகம் குறைந்து நிற்க முன்பு நானூறு மீட்டர் இருந்தது. அந்த இடத்தில் இப்போது பார்வையாளர்களின் கார்களை நிறுத்த அனுமதித்துக் கட்டணம் வசூலிக்கிறார்கள். மிச்சம் தொண்ணூறு மீட்டர். காலையிலேயே செயலாளரிடம் போய் இது போதாது என்றேன். அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைக்காமலே, "பிரேக்க அழுத்துனா நிக்கப் போகுது, இதுக்கு ஏம்மா இவ்வளவு டென்ஷன்?" என்றார். அப்போதே காரைத் திருப்பியிருக்க வேண்டும். பெல்ட்டுக்குக் கொடுத்த காசு கண்ணை மறைத்தது. அது என் தவறு, எழுதியே தருகிறேன்.

4. மற்றவர்கள் கோட்டுக்கு முன்பே பிரேக் பிடித்துத் தப்பித்துக்கொண்டிருந்தார்கள். என் கொழுந்தன் கோடு வரை காலை எடுக்கவில்லை; பந்தயம் என்றால் அதுதானே. மணிக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர் வேகம். எதிரே வரிசையாகக் கார்கள். முதல் காரில் ஒரு பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். இவர் ஸ்டியரிங்கை ஒடித்து வடிகால் சுவரில் மோதினார். தோள் எலும்பும் இரண்டு விலா எலும்புகளும் முறிந்தன. ஆம்புலன்ஸ் இருந்தது. அதைச் சுற்றிக் கட்டணம் கட்டிய கார்களும் இருந்தன. ஒலிபெருக்கியில் ஒவ்வொரு உரிமையாளராகக் கூப்பிட்டு அவற்றை நகர்த்த இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று.

அவ்வளவு நேரமும் அவர் தலையைப் பிடித்தபடி, நான் மாட்டிய பிரேக்கா இப்படிச் செய்தது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவரே சொன்னார்: "அண்ணி, பிரேக் நல்லாத்தான் பிடிச்சுது. இடந்தான் தீந்துபோச்சு."

5. குழுவின் அறிக்கை 'வாகனத்தின் பிரேக் கோளாறு' என்கிறது. ஒரு சக்கரத்தைக்கூட அவர்கள் கழற்றவில்லை. தார்மேல் டயர் தடம் எண்பத்தாறு மீட்டர் நீளத்துக்கு இருக்கிறது. நானே நாடா வைத்து அளந்தேன். பிடிக்காத பிரேக் தடம் பதிக்காது. நான்கு சக்கரங்களையும் பிரித்துப் பார்த்த எங்கள் டிப்போ பொறியாளரின் சான்றையும் இணைத்திருக்கிறேன்.

6. இதற்குப் பிறகு வந்திருக்கும் சுற்றறிக்கை: அடுத்த போட்டி முதல் சாதா கார்களுக்கும் உள்ளே இரும்புக் கூண்டு கட்டாயம். அதே கடையில் கிடைக்கும். விலை எங்கள் காரைவிட அதிகம். கூண்டு நல்லதுதான், ஓட்டுபவரைக் காக்கும். பால் கொடுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைக் காக்காது.

7. தயவுசெய்து பந்தயத்தைத் தடை செய்துவிடாதீர்கள். செய்தால் இவர்கள் எல்லோரும் பொதுச்சாலைக்குப் போவார்கள்; அங்கே பெல்ட் பார்க்கக்கூட ஆள் இல்லை. கார் நிற்க இருந்த நானூறு மீட்டரைத் திரும்பத் தர வேண்டும். ஆம்புலன்ஸுக்கு வழி விட வேண்டும். பரிசோதிப்பவரும் விற்பவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. பிரேக் கோளாறு என்ற வரியை அறிக்கையிலிருந்து நீக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது எனக்காக.

ஐயா, ஒரு பஸ் எங்கள் டிப்போவை விட்டு வெளியே போக என் கையொப்பம் வேண்டும். சந்தேகம் இருந்தால் போட மாட்டேன். மேலாளர் கத்துவார், பயணிகள் வாசலில் நின்று திட்டுவார்கள். அப்போதும் போட மாட்டேன். இருபத்திரண்டாம் தேதிப் பந்தயத்துக்கான அனுமதிக் கடிதம் தங்கள் கையொப்பத்துக்காக மேசையில் இருப்பதாக அறிகிறேன். போடுவதற்கு முன் அந்தத் தொண்ணூறு மீட்டரை ஒருமுறை நடந்து பாருங்கள். ஒரு நிமிட நடைதான்.

இடம்: டிப்போ குடியிருப்பு
நாள்: இம்மாதம் ஒன்பதாம் தேதி

இப்படிக்கு, பதிலை எதிர்பார்க்கும்
(கையொப்பம்)
பிரேக் பிரிவு மெக்கானிக்

இணைப்பு: டயர் தடத்தின் புகைப்படங்கள், பொறியாளர் சான்று, மருத்துவமனைச் சீட்டு, குழுவின் அறிக்கை, சுற்றறிக்கை.