கார்டு கேட்கும் பக்கம்

செவ்வாய்க்கிழமை, இரவு

என்னோடு வார்டில் வேலை பார்க்கும் ஜெனிபரும் நானும் அமெரிக்க நர்ஸ் பரீட்சையை ஒரே நாளில் எழுதினோம். ரிசல்ட் நாளை மறுநாள்தான். அதற்குள் தெரிந்துகொள்ள யூடியூபில் யாரோ சொன்ன ஒரு வழியை அவள்தான் காட்டினாள். வெப்சைட்டில் அதே பரீட்சைக்கு மறுபடி பதிவு செய்யப் பார்க்க வேண்டும். பதிவு செய்ய விடாமல் தடுத்தால் பாஸ், பணம் கட்டச் சொல்லி கார்டு நம்பர் கேட்டால் பெயிலாம்.

இன்று மதியம் ஆஸ்பத்திரி கேன்டீனில் போட்டுப் பார்த்தோம். அவளைத் தடுத்தது. "ஏய், பாஸுடி!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். "உனக்கு என்ன வந்துச்சு?"

"நெட் கிடைக்கல" என்று போனைக் கவிழ்த்தேன். எனக்குக் கார்டு நம்பர் கேட்டிருந்தது.

செம்பாக்கம் வரும்வரை பஸ்ஸில் திரும்பத் திரும்பப் போட்டேன். வீட்டுக்கு வந்து இவர் போனிலும் போட்டேன். எல்லாவற்றிலும் கார்டுதான்.

"ஜோசியம் பாக்குற மாதிரி இருக்கு, விடும்மா" என்றார் இவர். எப்படி விடுவது? இது எனக்கு மூன்றாவது முறை. இன்னொரு தடவை படிக்கத் தெம்பில்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது ஜெனிபர் அழுதுகொண்டே கூப்பிட்டாள். "மறுபடி போட்டேன்டி. இப்ப எனக்கும் கார்டு கேக்குது. அம்மாகிட்ட பாஸுன்னு சொல்லிட்டேனே!"

"அதெல்லாம் சும்மாடி, நம்பாத" என்று தேற்றினேன். அவள் அழ அழ, மதியத்திலிருந்து இல்லாத பசி எனக்கு வந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டே தட்டிலிருந்த சோறு முழுவதையும் சாப்பிட்டுவிட்டேன்.

இப்போது இரண்டு பேருக்குமாக ஜெபம் பண்ண உட்கார்ந்தால் அவள் பெயர் வாயில் வரமாட்டேன் என்கிறது.