சிசிலியா வைத்த அளவு

ஒக்ரோபர் 21, திங்கள்

எழும்பியதும் முகம்கூடக் கழுவாமல், மேசையில் கிடந்த கட்டையை எடுத்து அதில் செருகியிருந்த கோலைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. நேற்றும் வரவில்லை. விடிந்தால் வந்துவிடும் என்று எந்த நம்பிக்கையில் படுத்தேனோ தெரியாது. முறுக்கினேன். மேசை விளிம்பில் தட்டினேன். விரல் சிவந்ததுதான் மிச்சம்.

மழை தொடங்கிவிட்டது. எங்கள் குசினிக் கதவை அம்மா காலால் உதைத்துத்தான் திறக்கிறா. கதவும் வேம்பு, கட்டையும் வேம்பு. கதவு இறுகும்போது கட்டை இறுகாதா? இவ்வளவு காலம் இணுவிலில் இருந்துகொண்டு இதை எப்படி யோசிக்காமல் விட்டோம்?

யோசிக்காமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது. சிசிலியாவுக்கு நோய் என்று தெரிந்தது மார்ச்சில். அவள் போனது ஓகஸ்டில். நாங்கள் இருவரும் செய்து பார்த்ததெல்லாம் அந்த வெயிலுக்குள்தான்.

சதுரக் கட்டைக்கு முகத்துக்கு ஒன்றாக ஆறு துளை இருந்தால் போதும் என்றுதான் நான் சொன்னேன். அவள்தான் ஒரு மூலையைச் சீவி, அதில் சரிவாக ஏழாவது துளையைப் போட்டாள். “நேராய் மட்டும் போனால் பிள்ளையள் பெட்டிதான் கட்டுங்கள், அருந்ததி. சரிவு வேணும். கூரைக்கும் அதுதான், வள்ளத்துக்கு முன்னுக்கு நிக்கிற அணியமும் அதுதான், குருவிக்குச் செட்டையும் அதுதான்.” ஒரே கட்டை. எதோடும் எதுவும் சேரவேண்டும், சேர்ந்தது எல்லாம் கழரவேண்டும். பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்த இரண்டு பேர் நாற்பது தாண்டிய பிறகு இருந்து விளையாடிய விளையாட்டு இது.

தை மாதம் முன்பள்ளிகள் தொடங்கும்போது கட்டையும் கோலும் போட்ட பெட்டிகள் போகவேண்டும். அவளுடைய கணவர் லெனாட் குருநகரில் தன் பட்டறையில் வெட்டிக்கொண்டிருக்கிறார், அவள் கையால் துளைத்த முதல் கட்டையை அளவாக வைத்து.

ஒக்ரோபர் 23, புதன்

உடுவிலில் பிரசாந்தியின் முன்பள்ளிக்குப் போனேன். ஜூனில் அவளுக்கு ஒரு பெட்டி பார்வைக்குக் கொடுத்திருந்தோம். பிள்ளைகள் பாயில் இருந்து கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கோல்கள் ஒரு மூலையில் கிடந்தன.

“இப்ப இதை அடுக்கிறதுக்குத்தான் எடுக்கினம் அக்கா. ஒருக்கா பூட்டினால் பிறகு கழராது. நேற்று ஒருத்தி பல்லாலை கடிச்சு இழுத்தவள். கச்சல் எண்டு துப்பிப்போட்டு அழுதாள்” என்றாள் பிரசாந்தி.

வேம்பு என்றால் பிள்ளைகள் வாயில் வைக்க மாட்டார்கள் என்பது சிசிலியாவின் பகிடி. இருந்திருந்தால் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். நானும் சிரித்தேன். பிறகு பஸ்ஸில் வரும்போது—

ஒக்ரோபர் 24, வியாழன்

பிரசாந்தி மரியாதைக்குச் சொல்லாமல் விட்டது: இப்படியே வந்தால் எங்களுக்குப் பெட்டி வேண்டாம்.

ஒக்ரோபர் 27, ஞாயிறு

பூசை முடிந்திருக்கும் நேரம் பார்த்துக் குருநகருக்குப் போனேன். பட்டறையில் பாதி கதவு, யன்னல் சட்டங்கள். மற்றப் பாதி எங்கள் கட்டைகள், சாக்குச் சாக்காக.

லெனாட்டுக்கு விளங்கப்படுத்தினேன். கட்டை நார் ஓடும் பக்கம் பருக்காது, குறுக்கேதான் பருக்கும். அதனால் வட்டத் துளை முட்டை வடிவாகிவிடுகிறது. கோலோ சுற்றிவரப் பருக்கிறது. நார் வெட்டுப்பட்ட இரண்டு முகங்களில் மட்டும் கோல் கழன்று வருகிறது, மற்ற ஐந்திலும் சிக்கிக்கொள்கிறது. துளையைக் கொஞ்சம் பெருப்பிக்கவேண்டும். அவர் மரம் அரியும் வாளைத் துடைத்துக்கொண்டே கேட்டார். தையில் வெயில் எறிக்கக் கழரும்தானே என்றார். மாரியில் பிள்ளைகள் விளையாடுவதில்லையா என்று கேட்டேன்.

“அது அவ வைச்ச அளவு, ரீச்சர். அதிலை நான் கைவைக்கமாட்டன்.”

வாளைக் கீழே வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, “அவ பிழை விட்டுட்டா எண்டோ சொல்லுறியள்?”

என்ன சொல்வது? விட்டாள் என்றா?

வீட்டுக்குள் அவளுடைய படம். படத்தின் கீழே தட்டில் அந்த முதல் கட்டை. அதன் பக்கத்தில், அவளும் ஜெசிதாவும் ஜூலையில் கட்டிய வீடு, சரிந்த கூரையோடு. ஜெசிதாவுக்கு ஆறு வயது. வந்து என் மடியில் ஏறி இருந்துகொண்டு, “அன்ரி, எனக்கு விளையாட ஒண்டுமில்லை” என்றாள். பட்டறையில் இத்தனை சாக்கு இருக்கும்போது!

“அதெல்லாம் விக்கிற சாமான். என்ரையெல்லாம் உந்த வீட்டுக்கை இருக்கு” என்று தட்டைக் காட்டினாள்.

நவம்பர் 2, சனி

இன்று மரித்தோர் நாள். கந்தசஷ்டி விரதமும் இன்றுதான் தொடக்கம். காலையில் தோய்ந்துவிட்டு, குருநகருக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

“விரதத்தோடை ஆரும் சேமக்காலைக்குப் போவினமோ? அவ உனக்கு என்ன சொந்தமே?”

அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்டது முறையான கேள்விதான். ஓகஸ்டில் செத்த வீட்டிலிருந்து வந்து தலைமுழுகினேன். அதோடு என் பங்கு முடிந்தது. சொந்தக்காரருக்குப் போலத் துடக்கில்லை, எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவில்லை. மறுநாள் நல்லூர் ரியூட்டரிக்குப் போய் ஒளித்தெறிப்புப் படிப்பித்தேன். பிள்ளைகள் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்னிடம் ஒரு அடையாளமும் இல்லையே. இருபத்தைந்து வருசப் பழக்கத்துக்கு ஒரு முழுக்கு.

போனேன். சேமக்காலை முழுக்க மெழுகுதிரியும் பூவும். மழை தூறித் தூறி மெழுகுதிரிகளை அணைத்தது, சனம் திரும்பத் திரும்பக் கொளுத்தியது. லெனாட் குடையைக் கல்லறைக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்துகொண்டு நின்றார். அவர்கள் பக்கத்து அம்மா ஒருவர் என்னைப் பார்த்து, “பிள்ளை ஆர், கூடப் படிச்சதோ?” என்றார்.

ஓம் என்றேன். கூடப் படித்தது.

நவம்பர் 5, செவ்வாய்

பின்வளவில் அம்மா செவ்வரத்தம்பூ கொய்துகொண்டு நின்றா. எட்டாத கொப்புக்கு ஒரு மூங்கில் தடி, நுனியைப் பிளந்து வைத்திருப்பா. பிளந்த வாய்க்குள் காம்பைக் கொடுத்து ஒரு முறுக்கு. பூ கசங்காமல் வரும். சின்ன வயதிலிருந்து பார்க்கிற தடிதான். இன்றைக்குத்தான் அந்த நுனியைப் பார்த்தேன். அழுத்தினால் ஒடுங்குகிறது. விட்டால் விரிகிறது.

கோலின் இரண்டு நுனியிலும் ஒரு கீறல்! மாரியில் பருத்தால் கீறல் ஒடுங்கி இடம் கொடுக்கும். கோடையில் கீறல் விரிந்து இறுக்கிப் பிடிக்கும். அப்போது துளையைப் பயமில்லாமல் பெருப்பிக்கலாம்.

பூசைக்கு நேரமாகிறது என்று அம்மா சத்தம் போடும்வரை தடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். முதலில் தோன்றியது, உடனே சிசிலியாவுக்குப் போன் எடுக்கவேண்டும் என்பதுதான். எடுத்தும்விட்டேன். அவளுடைய நம்பர் இப்போது லெனாட்டிடம் இருக்கிறது. மணி அடிக்கமுதல் வெட்டிவிட்டேன்.

நவம்பர் 8, வெள்ளி

விரதம் முடிந்து பாறணை. இந்த மூன்று நாளும் வாளும் அரமுமாக இருந்தேன். கையில் கொப்புளம். கீறிய கோலும் அரை மில்லி பெருத்த துளையும் போதும். ஒரு இரவு முழுக்க ஈரச்சாக்குக்குள் போட்டுப் பார்த்தேன். கழருகிறது. அடுப்புக்கு மேலே காயவைத்தும் பார்த்தேன். பிடிக்கிறது.

சரியாக வந்துவிட்டது. எனக்கு ஏன் ஒரு சந்தோசமும் இல்லை?

ஒரு வித்தியாசம்: அந்தச் சத்தம் இல்லை. அவளுடைய அளவில் கோல் போய் இருக்கும்போது ‘டிக்’ என்று கேட்கும். இதில் மெத்தென்று போகிறது.

நவம்பர் 10, ஞாயிறு

குருநகர். நான் போகும்போது ஜெசிதா தட்டுக்கு முன்னால் கதிரையில் ஏறி நின்று, அந்த வீட்டின் கூரைக் கோலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து, மூக்கு வழிந்து. லெனாட் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

“அதை விடு பிள்ளை. அது அம்மா கட்டினது.”

“நானும்தான் கட்டினனான்” என்றாள் ஜெசிதா. “அம்மா விளையாடி முடிய எல்லாத்தையும் கழட்டித்தான் வைப்பா. அண்டைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா.”

லெனாட் அவளைத் தூக்கி இறக்கிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். நானும் பின்னால் போனேன். என் கைப்பையில் கீறிய கோலும் புதுக்கட்டையும் இருந்தன. எடுத்து வாங்குப் பலகையில் வைத்தேன். அவர் தொடவில்லை. சாக்குகளில் ஒன்றின் வாயை இறுக்கிக் கட்டினார். பிறகுதான் சொன்னார். எனக்குச் சொன்னாரா, தனக்குத்தானே சொன்னாரா என்று தெரியவில்லை.

“எனக்குத் தெரியும், ரீச்சர். துளை போடேக்கையே தெரியும், மாரிக்கு உது இறுகுமெண்டு. கதவு செய்யிறவனுக்கு இது தெரியாதே? அவ அந்தக் கதிரையிலை இருந்து, கோலை விட்டு விட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரிச்சுக்கொண்டு இருந்தவ. ஆடி மாசம். மாரியைப் பற்றி அவவோடை என்னெண்டு கதைக்கிறது?”

தூறல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அந்த மாரிதான் இது.

திரும்பும்போது கட்டையையும் கோலையும் எடுக்காமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 14, வியாழன்

லெனாட் போன் எடுத்தார். “கீறல் எவ்வளவு ஆழம்?” சொன்னேன். “சரி” என்று வைத்துவிட்டார்.

நவம்பர் 24, ஞாயிறு

கனநாளுக்குப் பிறகு வெயில். போனபோது பட்டறை முற்றத்தில் ஒரு தகரத்தைப் போட்டு, அதன்மேல் அந்த வீட்டை வைத்திருந்தார் லெனாட். ஜெசிதா பக்கத்தில் குந்தியிருந்து காவல். நெல் காயப்போட்ட மாதிரி ஒரு காவல், காகம் வந்தால் கலைப்பதற்கு.

பின்னேரம் முதல் கோல் கழன்றது. கூரை உச்சி. ஜெசிதா கூச்சல் போடவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு அடுத்ததை முறுக்கத் தொடங்கினாள். லெனாட் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெட்டிய கோல்களுக்குக் கீறல் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கோல் கழரும்போதும் வாள் நின்று நின்று போனது.

வீடு முடிந்து ஒரு பேசின் நிறையக் கட்டை. ஜெசிதா அவற்றைக் கொட்டினாள். தலை எது வால் எது என்று தெரியாத ஏதோ ஒன்றைக் கட்டத் தொடங்கினாள். என்ன இது என்று கேட்டேன். “இன்னும் தெரியாது” என்றாள். சிசிலியாவின் வாய்.

வெளிக்கிடும்போது லெனாட் உள்ளே போய், படத்தின் கீழே இருந்த முதல் கட்டையை எடுத்துவந்தார். அளவுக்கு இனி இது தேவையில்லை என்றார். என்னிடம் தரவில்லை. ஜெசிதாவின் கையில் வைத்தார்.

“கொண்டுபோய்ப் பெரியம்மாட்டைக் குடு.”

இதுவரை என்னை அன்ரி என்றே கூப்பிட்டவள் ஒரு கணம் முழித்தாள். பிறகு நேரே என்னிடம் கொண்டுவந்து தந்தாள்.

பஸ்ஸில் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இணுவில்வரை அழுதேன். ஓகஸ்டில் அழவேண்டிய அழுகை.

டிசம்பர் 3, செவ்வாய்

அம்மா கேட்டா, அது என்ன, அந்தக் கட்டையைச் சாமித்தட்டில் வைத்திருக்கிறாய் என்று. சிசிலியாவினுடையது என்றேன். பின்னேரம் பார்த்தேன். கட்டையின் பக்கத்தில் ஒரு செவ்வரத்தம்பூ.

டிசம்பர் 11, புதன்

பெட்டிகள் வந்துவிட்டன. என் அறையில் கட்டிலுக்குப் போக வழியில்லை. பிரசாந்தி நாளைக்கு ஓட்டோவோடு வருவாள், தன்னுடையதையும் பக்கத்து முன்பள்ளிகளுக்கு உரியதையும் ஏற்றிக்கொண்டு போக. வெளியே அடைமழை. பெட்டிக்கு ஒன்றாகக் கட்டையை எடுத்துக் கோலைச் செருகி இழுத்துப் பார்த்தேன். எல்லாம் வருகின்றன. ஐந்து வயதுக் கைக்கும் வரும்.

பிறகு சாமித்தட்டிலிருந்து சிசிலியாவின் கட்டையை எடுத்தேன். கீறி நுனி விரிந்த புதுக்கோல் அதற்குள் போகவில்லை, ஒரு துளையிலும். பழைய கோல்களும் இனி இல்லை, லெனாட் எல்லாவற்றையும் கீறிவிட்டார். எதோடும் எதுவும் சேரவேண்டும் என்றவளுடைய கட்டை ஒன்றோடும் சேராமல் கிடக்கிறது. திரும்ப அதே இடத்தில் வைத்தேன். பூ வாடியிருந்தது.

வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். எழுத எழுதத்தான் முடிவாகிறது.

காலையில் பிரசாந்தி வரமுதல் வட்ட அரத்தை எடுப்பேன். ஏழு துளையையும் புது அளவுக்கு அராவுவேன். சரிவுத் துளையைக் கடைசியில். கோல் போய் வந்தால், திறந்திருக்கும் பெட்டிகளில் ஒன்றுக்குள் கையை விட்டுக் கலந்துவிடுவேன். எந்த ஊருக்குப் போகிற பெட்டி என்று பார்க்கப்போவதில்லை. ஒரு பெட்டியில் ஒரு கட்டை கூடுதலாக இருக்கும். அதற்கு ஒருவரும் முறைப்பாடு செய்ய மாட்டார்கள்.

லெனாட்டிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் இல்லை.

மூலையில் அவள் பென்சிலால் போட்ட அடையாளம் இன்னும் இருக்கிறது. அதை நான் அழிக்க மாட்டேன். பிள்ளைகளின் கைபட்டு அழியட்டும்.