உளுந்து வேரில் சிவப்பு முடிச்சு

ஸ்ரீவைகுண்டம்,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் ஜெமிமாவுக்கு,

கர்த்தர் கிருபையில் அப்பாவும் நானும் நல்ல சுகம், அந்தக் குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போன மாதம் உன் கட்டுரை இரண்டாவது தடவையும் திரும்பி வந்தபோது, ஆராய்ச்சியே வேண்டாம், ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று அழுதவள் நீ. மூன்றாவது பத்திரிகை ஏற்றுக்கொண்டது என்று நேற்று போனில் சொன்னதிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை, இன்று ஆராதனை முடிந்ததும் ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டேன். அப்பா துறைமுகத்தில் கூட வேலை பார்த்த கிளாட்வினைப் போனில் பிடித்து, "எம் மவ ஜெயிச்சிட்டா லே" என்று போட்ட சத்தம் ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும்.

போனில் சொல்லக் கூச்சப்பட்ட ஒன்று உண்டு. நெல் அறுத்த வயலில் விதைத்த உளுந்துக்கு யூரியா போடவே கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கினாய், என்னிடம் வாங்கவில்லை. இருபதாம் நாள் செடி வெளிறி நின்றதைப் பார்க்க மனசு கேட்கவில்லை, அப்பா டீ குடிக்கப் போன நேரம் வரப்போரமாக அரைக் கடகப்பெட்டி யூரியா தூவிவிட்டேன். பதினைந்து நாள் கழித்துப் பக்கத்து வயல் செல்லப்பாண்டி அண்ணாச்சி அங்கொன்றும் இங்கொன்றும் பிடுங்கிப் பார்த்து, வரப்போரச் செடிகளைக் காட்டி, "மேல கரும்பச்சையா நிக்கு, வேருல முடிச்சு ஒண்ணையும் காணலியே" என்றார். மற்ற செடிகளின் வேரிலோ மணிமணியாக முடிச்சு, நகத்தால் கீறினால் உள்ளே ரத்தச் சிவப்பு. "ஏளா, இங்கன யூரியா போட்டது யாரு?" என்று அப்பா கேட்க, முப்பது வருஷம் பாடம் நடத்திய நான் காப்பியடித்துப் பிடிபட்ட பிள்ளை மாதிரி நின்றேன்.

ஆனாலும் டீச்சர் டீச்சர்தானே, அங்கேயே உன் கட்டுரையைப் பாடமாக எடுத்துவிட்டேன். பசித்த செடியின் இலையிலிருந்து ஒரு குட்டி ஆர்.என்.ஏ. வேருக்கு இறங்கி அங்கே உள்ள தடையை விலக்குகிறது, அப்புறம்தான் பாக்டீரியா வேர் முடிச்சுக்குள்ளே குடியேறிச் செடிக்குச் சத்து சமைக்கிறது, நாம் உரத்தை ஊட்டினால் அந்த ஆர்.என்.ஏ. குறைந்துபோகும் என்றேன். "அப்ப இத்தன வருசமா செடி வாயப் பொத்துனது நாந்தானா" என்றார் அண்ணாச்சி, அடுத்த முறை அவர் வயலிலும் யூரியா கிடையாதாம். யூரியா படாமல் வெளிறி நின்ற செடிகளில்தான் இன்று காய் கூடுதல்.

ராத்திரி ரொட்டியோடு நிறுத்தாமல் ஒரு கை சோறு பொங்கிச் சாப்பிடு. நீ அழுதபோது வந்துவிடு என்று சொன்னேன் அல்லவா, உனக்குத் தெரியாமல் நாசரேத்தில் ஒரு பள்ளியில் வேலைக்கும் சொல்லி வைத்திருந்தேன், அதுவும் மனசு கேட்காமல் செய்ததுதான். நாளைக் காலை முதல் பஸ்ஸில் போய், என் மகள் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு வருவேன்.

உன் பிரயாசம் எல்லாம் கர்த்தர் வாய்க்கச் செய்வாராக.

என்றும் உன் அம்மா,
ஈவாஞ்சலின் கிருபாநிதி