அழுத்த விடுவீர்களா என்று கேட்டவளுக்கு

இன்று காலை அந்த மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஸ்பிரிட் மணம் மூக்கில் ஏறியது. ஒரு பெண் தரையில் குந்தியிருந்து பயிற்சிப் பொம்மையின் முகத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே வரச் சொல்லி அவள் கையைக் காட்டியும் கால் நகரவில்லை.

எங்கள் அலுவலகப் பணியாளர்களுக்கு எந்தச் சி.பி.ஆர். பயிற்சி பொருத்தமானது என்று பார்த்து வரும்படி என்னை அனுப்பியிருந்தார்கள். இந்த வேலை எப்போதும் என் தலையில்தான் விழுகிறது. கணினியிலேயே பார்த்து முடித்துச் சான்றிதழ் எடுக்கிற பயிற்சி ஒன்று இருக்கிறது. விடுதியில் மதியச் சாப்பாட்டோடு நடப்பது இன்னொன்று. மூன்றாவது இந்த மண்டபத்தில் நடப்பது. எனக்கு இப்போது முழங்கால் சரியாக மடங்குவதில்லை. படியேறினால் மூச்சு வாங்குகிறது. யாராவது இளையவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிடலாம். சொல்லாமல் வந்தேன். வந்த இடத்தில் உன்னோடு கதைக்க வேண்டும் போலாகிவிட்டது.

நீயும் நானும் கூட்டுறவுச் சங்கக்கடையில் எதிரெதிர் மேசையில் இருந்த சண்டைக்காலம் அது. சன்னலைத் திறந்தால் மூதூருக்கு ஓடும் லோஞ்சுப் படகு வந்து நிற்கும் இறங்குதுறை தெரியும். நீ கிளிவெட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, நகரில் சொந்தக்காரர் வீட்டில் ஓர் அறையில் இருந்தாய். வயலை விட்டு வரமாட்டேன் என்று உன் அண்ணன் மட்டும் ஊரிலேயே நின்றுவிட்டார். அப்பா இறந்த கதையை நீ ஒரு மத்தியானம், சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி சொன்னாய்.

"வரம்பில நடந்து வந்தவர் அப்படியே விழுந்திட்டார். நாங்கள் எல்லாரும் சுத்தி நிண்டனாங்கள். ஒராள் விசிறினா, ஒராள் சோடா வாங்க ஓடினார். மூச்சு நிண்டது தெரிஞ்ச பிறகும் சுத்தித்தான் நிண்டம்."

நீ அழவில்லை. சோற்றைக் குழைத்துக்கொண்டே, "நெஞ்சை அழுத்தி உயிர் குடுக்கிற முதலுதவியை எனக்குப் பழக வேணும். நீயும் வா" என்றாய். எனக்கு விருப்பம் இருக்கவில்லை. காலையில் சோதனைச் சாவடி, பகலில் கடை, மாலையில் ஊரடங்குக்கு முன் வீடு என்று நாளே ஓடிப்போய்விடும். கிடைக்கிற ஒரு சனிக்கிழமையில் உடுப்புத் தோய்த்துவிட்டுப் படுத்துக் கிடக்கத்தான் எனக்கு ஆசை.

அந்த நாட்களில் நகரில் இரண்டு வகுப்புகள் நடந்தன. பெரிய மண்டபத்தில் ஒரே நாளில் முடிகிற வகுப்பு ஒன்று. மின்விசிறி, தேநீர், கடைசியில் பொன்னிற முத்திரை குத்திய சான்றிதழ். நான் அதற்கே போவோம் என்றேன். ஒரு நாளோடு தொல்லை முடிந்துவிடும், வேலை உயர்வுக்கு விண்ணப்பிக்கவும் உதவும் என்பது என் கணக்கு. நீ என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே போனாய். பதிவு மேசையில் இருந்தவரிடம், "பொம்மை இருக்கோ? எங்களை அழுத்த விடுவீங்களோ?" என்று கேட்டாய்.

"பொம்மை மேடையில இருக்கும், தங்கச்சி. நாங்கள் செய்து காட்டுவம். நீங்கள் பாத்தாப் போதும்."

"சரி. எவ்வளவு நேரம் அழுத்த வேணும்?"

"அம்புலன்ஸ் வருமட்டும்."

"அம்புலன்ஸைச் சாவடியில மறிச்சு வச்சிருந்தால்?"

அவர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. வெளியே வந்து குடையை விரித்தபடி, "சாவைப் பாத்துக்கொண்டு நிண்டது போதாதெண்டு, பொம்மையையும் பாத்துக்கொண்டு இருக்கச் சொல்லுறார்" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. வெயிலில் நடந்து கால் நொந்துபோயிருந்தது. உன்னோடு எதற்கும் போக ஏலாது என்று சொன்னேன். ஆனாலும் பின்னால் வந்தேன்.

அடுத்தது, ஆசுபத்திரியில் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு மிஸி தன் வீட்டு முன்கூடத்தில் நடத்திய வகுப்பு. பல சனிக்கிழமைகள் போக வேண்டும். சான்றிதழ் கிடையாது. ஒரேயொரு பழைய பொம்மை, அதன் ஒரு கையைப் பிளாஸ்டரால் ஒட்டியிருந்தார். நீ அதே கேள்விகளைக் கேட்டாய். மிஸி கதிரையிலிருந்து எழும்பாமல் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"கை சோரச் சோர அழுத்த வேணும், பிள்ளை. அம்புலன்ஸ் பிந்தினால் ஒராளால ஏலாது. மாறி மாறித்தான் செய்யலாம். அதாலதான் சோடியா வரச் சொல்லுறனான்." பிறகு கொஞ்சம் பொறுத்து, "எல்லாம் செய்தாலும் கனபேர் உயிரோட திரும்பி வராயினம். அதைத் தெரிஞ்சுகொண்டு பழகுறதெண்டால் வாங்கோ" என்றார்.

அந்த இடத்திலேயே நீ முடிவெடுத்துவிட்டாய். தோல்வியை முதலிலேயே சொல்கிறவரிடம்தான் பழக வேண்டும் என்று வீடு திரும்பும்போது சொன்னாய். உனக்குச் சோடி நான்தான் என்பதை என்னிடம் கேட்கவேயில்லை.

சீமெந்துத் தரையில் முழங்கால் தோல் உரிந்தது. சேலையை எப்படிச் செருகிக்கொண்டு குனிவது என்பதிலிருந்து மிஸி பழக்கினார். கையை மடக்கினால் தட்டுவார், அழுத்திய நெஞ்சை மேலெழ விடாவிட்டாலும் தட்டுவார். ஒரு சனிக்கிழமை துறைமுகப் பக்கம் பெரிய வெடிச்சத்தம் கேட்டது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எல்லோரும் வீட்டுக்கு ஓடத் தயாரானோம். உன் முறை முடியவில்லை என்று நீ மட்டும் பொம்மைக்கு மேல் குனிந்தபடியே இருந்தாய். மிஸியும் உன் பக்கத்தில் இருந்து எண்ணிக்கொண்டிருந்தார். அன்று உன்னைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

வகுப்பு முடிந்து ஒரு மழைக்காலம் போயிருக்கும். நாங்கள் இருவரும் மூதூருக்குப் போக இறங்குதுறைச் சோதனை வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் குறிஞ்சாக்கேணிக்காரர் ஒருவர், மனைவியோடு நின்றார். அடையாள அட்டையை எடுக்கச் சட்டைப் பைக்குள் கைவிட்டவர், அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். சனம் விலகி வட்டமாக நின்றது. நீ பையைக் கீழே போட்டுவிட்டு வரிசையை விட்டு வெளியே போனாய். வரிசையை விட்டுப் போகக்கூடாது என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆமிக்காரன் துவக்கைத் தூக்கிக்கொண்டு கத்தினான். நீ அவரைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தாய், மூச்சைப் பார்த்தாய், அழுத்தத் தொடங்கினாய். நான் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு, தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், மூச்சில்லை, மூச்சில்லை என்று அவனிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவன் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு துவக்கைத் தாழ்த்திவிட்டு வாகனத்துக்கு ஆள் அனுப்பினான்.

"கை சோருது. மாறு" என்றாய். மாறினேன். நான் சோர நீ மாறினாய். என் கைக்கடியில் இருந்தது பொம்மை அல்ல என்பது முதல் அழுத்தத்திலேயே தெரிந்தது, ஏதோ முறிந்தது. நிறுத்தப் போனேன். "நிப்பாட்டாதை" என்றாய். வாகனம் வர வெகுநேரம் பிடித்தது. அது வருவதற்குச் சற்று முன்புதான் அவர் தொண்டைக்குள் ஒரு சத்தம் வந்தது, பிறகு விரல் அசைந்தது.

அவர் பிழைத்தார். சில மாதங்களுக்குப் பிறகு மனைவியோடு கடைக்கு வந்து, "ரெண்டு விலா எலும்ப உடைச்சிப் போட்டீங்களே, தங்கச்சி" என்று உன்னிடம் சொன்னார். அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நீ எழும்பி அவருக்குக் கதிரையை இழுத்துப் போட்டாய்.

அதற்குப் பிறகு அண்ணனையும் வகுப்புக்கு வரச் சொல்லிப் பலமுறை கேட்டாய். வயல் வேலை, பாதை பூட்டு, சாவடி என்று ஒவ்வொரு முறையும் ஒரு தடை. அவரைக் குறை சொல்ல ஏலாது, அந்த நாட்களில் யாரும் எங்கும் லேசில் போய்விடவில்லை. அறுவடைக்கு உதவ நீ கிளிவெட்டிக்குப் போயிருந்தபோது பாதை மறுபடியும் பூட்டுப்பட்டது. நீ போய்விட்டாய் என்ற செய்தி எனக்கு வந்தபோது உன்னை எரித்தும் முடிந்துவிட்டது.

பாதை திறந்த பிறகு மிஸியையும் கூட்டிக்கொண்டு கிளிவெட்டிக்கு வந்தேன். அண்ணன் முற்றத்தில் நின்றார். அடுப்படிக் குசினி வாசலைக் காட்டினார்.

"இதிலதான் விழுந்தவள். நெஞ்சைப் பிடிச்சவள். நாங்கள் தண்ணி தெளிச்சம், காலைத் தேய்ச்சம். அவளுக்குத் தெரிஞ்சது எங்களில ஒருத்தருக்கும் தெரியாது."

நான் அந்த நடையில் உட்கார்ந்துவிட்டேன். இனி எவருடைய நெஞ்சிலும் கை வைக்கமாட்டேன் என்று எனக்குள் முடிவே செய்துவிட்டேன். எங்களிடம் இருந்தது ஒரு சோடி, அதில் ஒரு கை போய்விட்டது. குறிஞ்சாக்கேணிக்காரரும் மனைவியும் அடுத்த நாள் வந்தார்கள். அவர் மாமரத்தடியில் பொழுது சாயும்வரை இருந்தார்.

மிஸிதான் பைக்குள்ளிருந்து தலையணையொன்றை எடுத்து முற்றத்துப் பாயில் வைத்தார். கொண்டுவந்த பொம்மையைச் சாவடியில் உள்ளே விடவில்லை. "ஆர் பழக வாறியள்?" என்று கேட்டார். அயலட்டையில் வந்திருந்தவர்கள் தயங்கினார்கள். அண்ணன் வந்து முழங்காலில் நின்றார். கையை வைத்தார். அழுத்த முடியவில்லை. "தங்கச்சி, நீ செய். என்னால ஏலாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

நான் எழும்பிப் போய் அவருக்கு எதிரே முழங்காலில் நின்றேன். அவர் கைகளுக்கு மேல் என் கைகளை வைத்து அழுத்தினேன். முதலில் என் பலம்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவருடையதும் சேர்ந்தது. பிறகு நான் மெல்லக் கையை எடுத்தேன். அவர் நிறுத்தவில்லை.

களைப்பு இன்னும் தீரவில்லை. தீரும் என்று இப்போது எதிர்பார்ப்பதுமில்லை. என்றாலும் இன்று மண்டபத்துக்குள் போய், பொம்மையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், எங்களை அழுத்த விடுவீங்களோ என்று உன் கேள்வியையே கேட்டேன். உழவில் காய்ப்பேறிய உன் அண்ணனின் கைகள் எனக்குக் கீழே நடுங்கி, பிறகு நடுக்கம் அடங்கி உறுதிப்பட்டது என் உள்ளங்கையில் அப்படியே இருக்கிறது. அன்றிலிருந்து யார் புதிதாகப் பழக வந்து பயந்து கையை எடுத்தாலும், அவர்கள் கைமேல் என் கையை வைக்கிறேன்.