நீலம் வராத பொடி

ஆடி வெள்ளி, ராத்திரி

நீயே சொல்லு ஈஸ்வரா, என் அண்ணன் பொண்ணு ரேவதி என்னா பாவம் பண்ணா? விழுப்புரம் காலேஜ்ல ஆராய்ச்சிக்காக செம்பு உப்பையும் இன்னொரு பொடியையும் ஸ்டீல் டப்பாவுல இரும்பு குண்டு போட்டு மெஷின்ல அரைக்கிறா. மொத வாட்டி மட்டுந்தான் நல்ல நீலமா வந்துச்சு. அப்புறம் வேகத்த மாத்துனா, நேரத்த கூட்டுனா, குண்டு சேத்தா. பச்சையாவே வருது.

இன்னிக்கு திண்டிவனத்துல எறங்கி வூட்டுக்கு வந்ததுமே சோறு வேணாம்னு படுத்துட்டா. "திரும்ப நீலம் வரலன்னா நான் பொய் சொன்னேம்பாங்க அத்தை. பட்டமே போயிடும். ஒரு சொட்டு ஈரம் பட்டாலே பொடி மாறிடும்னு கையத் தொடச்சிக்கினுதான் தொடுறேன்"னு அழுவுறா.

இப்பத்தான் ஞாபகம் வருது. மொத வாட்டி டப்பாவ வூட்லயே ரெடி பண்ணி சாமி படத்தாண்ட வெச்சிருந்தா. நல்லபடியா வரட்டும்னு அவளுக்குத் தெரியாம மூடியத் தொறந்து பெருமுக்கல் கோயில் தீர்த்தம் ரெண்டு சொட்டு விட்டேன்.